லேபர் கோர்ட்டுக்குப் போனால் செருப்புதான் தேயுமா?

2024 ஜூன் 14, வெள்ளி, இரவு 9.20 (கேள்வி)

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை. பதவி டெபுடி மேனேஜர், குவாலிட்டி. இன்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஹெச்.ஆர். கூப்பிட்டார். ராஜினாமாக் கடிதத்தை அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் மூன்று மாதச் சம்பளம், போடாவிட்டால் வேலை சரியில்லை என்று எழுதி அனுப்புவோம் என்றார். திங்கள் வரை டைம் கேட்டு வந்துவிட்டேன். மச்சான் சொல்கிறார்: "லேபர் கோர்ட்டுக்குப் போனால் செருப்புதான் தேயும். வருமானம் வக்கீலுக்குத்தான். கொடுப்பதை வாங்கிக்கொண்டு வா." அவர் சொல்வது சரியா?

ஜூன் 14, இரவு 10.05 (பதில்)

கையெழுத்துப் போடாதீர்கள். மச்சானைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 14, இரவு 10.20

படுப்பதற்கு முன் ஒரு வேலை. ஹெச்.ஆருக்கு மூன்று வரியில் ஒரு மெயில். இன்று மாலை 5.30-க்கு அழைத்தீர்கள், ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டீர்கள், எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை, திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்கு வருகிறேன். அவ்வளவுதான். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு வேண்டாம், "மனவேதனை" வேண்டாம். அதன் நகல் உங்கள் சொந்த மெயிலுக்குப் போகட்டும்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டுகள், இன்கிரிமென்ட் லெட்டர்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பெனி டிராயிங், கஸ்டமர் ரிப்போர்ட் எதையும் தொடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் "ஆதாரம்" என்று நானூறு மெயிலைத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிவிட்டு வந்தார். அதுவரை அவர் மீது ஒரு குற்றச்சாட்டும் இல்லை. மறுநாள் இருந்தது.

ஜூன் 15, மதியம்

தொழிலாளர் வழக்கு வக்கீலாக எனக்கு இருபத்திரண்டு வருடம். பெரும்பாலும் தொழிலாளர் தரப்பு, சில வருடம் நிர்வாகத் தரப்பிலும் இருந்திருக்கிறேன் (அந்தக் கதை பெருமைப்படும்படி இல்லை, பிறகு சொல்கிறேன்).

மூன்று மாதச் சம்பளம் தாராளம் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் "தொழிலாளி" என்று நின்றுவிட்டால், 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவு, ஆட்குறைப்பு செய்வதற்கே முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் கேட்கிறது. பதினோரு வருடத்துக்கு 165 நாள், அதாவது ஐந்தரை மாதம். ஒரு மாத நோட்டீஸ் தனி, பணிக்கொடை (கிராஜுட்டி) தனி. ஆக, கம்பெனி குறைந்த விலைக்குக் கேட்கிறது. அது அவர்கள் தொழில், தப்பில்லை. விற்பவர் விலை தெரியாமல் நிற்பதுதான் பிரச்சினை.

கையெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் "வேலையை விட்டு நீக்கினார்கள்" என்பது "தானாகப் போனார்" என்று ஆகிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிக்கலாம், ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். அந்த அறையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் அவர்கள் ஆட்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால்: ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வருவதற்கு முன் திரும்பப் பெறலாம். அன்றிரவே எழுதினால் அது ஒரு ஆவணம். ஒரு மாதம் கழித்து எழுதினால் அது யாரோ சொல்லிக் கொடுத்த யோசனை என்பார்கள், பாதி நேரம் அது உண்மையும்கூட.

ஜூன் 15, மாலை

மூன்று மாதச் சம்பளத்துக்குள் பணிக்கொடையும் அடக்கம் என்று சொன்னார்களாமே? மொத்தச் சம்பளம் 62,000, அடிப்படையும் பஞ்சப்படியும் 31,000 என்கிறீர்கள். 31,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 11 வருடத்தால் பெருக்கினால் 1,96,730. மூன்று மாதச் சம்பளம் 1,86,000.

நீங்களாகவே ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உங்களுடையது. அப்படியென்றால் உங்களை அனுப்புவதற்கு நீங்கள் அவர்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கிறீர்கள். மச்சானிடம் காட்டுங்கள்.

ஜூன் 17

மெயிலுக்குப் பதில் வரவில்லை, கேட்டில் தடுக்கவில்லை, நாற்காலி அங்கேயே இருக்கிறது என்று பம்ப் கம்பெனிக்காரர் எழுதியிருக்கிறார். நல்லது. இனி இரண்டில் ஒன்று வரும்: சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்), அல்லது டிரான்ஸ்ஃபர். நான் டிரான்ஸ்ஃபர் என்பேன்.

ஜூன் 23

"டெபுடி மேனேஜர் எப்படித் தொழிலாளி ஆவார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் பாதிச் சண்டை இந்த ஒரு வரியில்தான்.

சட்டம் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைப் பார்க்கிறது. யார் தொழிலாளி என்று சொல்லும் 2(எஸ்) பிரிவில் உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்து வேலை எல்லாம் உள்ளே. நிர்வாகம் செய்பவர் வெளியே. மேற்பார்வை செய்பவர் மாதம் 10,000-க்கு மேல் வாங்கினால் வெளியே (2010 வரை அந்த வரம்பு 1,600 ரூபாய்!). அதனால்தான் சில கம்பெனிகளில் திடீரென்று எல்லோரும் மேனேஜர் ஆகிறார்கள். சம்பளம் ஏறாது, விசிட்டிங் கார்டு மட்டும் வரும்.

எனக்கு ஒரு வழக்கு. "சீனியர் மேனேஜர்" ஒருவரை நீக்கிவிட்டு, அவர் தொழிலாளியே இல்லை என்று எதிருரை போட்டார்கள். நிர்வாகச் சாட்சி கூண்டில் ஏறினார். நான் தயாரித்துக்கொண்டு போன கேள்விகள் நாற்பது. நாலு போதுமாக இருந்தது.

அவருக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்தார்கள்? யாரும் இல்லை. யாருக்காவது லீவு அனுமதித்து அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? இல்லை. யாரையாவது வேலைக்கு எடுத்தாரா, மெமோ கொடுத்தாரா? இல்லை. அப்படியானால் அவர் எதை மேனேஜ் செய்தார்?

சாட்சி நல்ல மனிதர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்ப்யூட்டரை" என்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

முதல் கேள்வி கேட்ட பம்ப் கம்பெனிக்காரருக்கு: உங்களுக்குக் கீழே யார், லீவுக்குக் கையெழுத்து யார், ஒரு காகிதத்தில் இன்றைக்கே எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து மறந்துபோகும்.

ஜூன் 24

மேலே எழுதியதில் ஒன்று கூட்ட வேண்டும். விற்பனைப் பிரதிநிதிகள் 2(எஸ்)-க்குள் வரமாட்டார்கள் என்று 1994-இல் சாண்டோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்து மெடிக்கல் ரெப்புக்கு வழியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு 1976-இலேயே தனிச் சட்டம் இருக்கிறது, அதன் வழியாக இதே நீதிமன்றத்துக்கு வரலாம்.

கடையில், ஓட்டலில், அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு வேறொரு கதவு: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. மேல்முறையீட்டை லேபர் டிபார்ட்மென்டிலேயே விசாரிப்பார்கள். அவகாசம் குறைவு, ஆறப்போடாதீர்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021-இல் திருத்தம் வந்ததே, அது இந்தச் சட்டத்தில்தான். அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 2

"ஐந்து வருடம் முடியாவிட்டால் பணிக்கொடை கிடையாதா" என்ற கேள்விக்கு நேற்று "கிடையாது" என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதிவிட்டேன். அவசரம். திருத்திக்கொள்கிறேன். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு வருடம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கிலேயே சொல்லிவிட்டது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக நடக்கும் நிறுவனம் என்றால் சட்டத்தில் 240-க்குப் பதில் 190. ஐ.டி.க்காரர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

ஜூலை 11

டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. குஜராத். நான் சோசியக்காரி இல்லை, இருபத்திரண்டு வருடமாக ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போய்ச் சேருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு, போய்ச் சேருங்கள். போகாவிட்டால் உத்தரவை மீறியவர் ஆவீர்கள், பிறகு பேச்சே அதைப் பற்றித்தான் இருக்கும். வீட்டில் என்னைத் திட்டுவார்கள், தெரியும். பிள்ளை பத்தாவது படிக்கிறதாம்.

ஜூலை 20

ஃபீஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேலை நீக்கத்தை எதிர்த்து லேபர் கோர்ட்டில் மனுப் போட கோர்ட் ஃபீஸ் கிடையாது. வக்கீல் ஃபீஸ் ஆளுக்கு ஆள். "வருகிற தொகையில் இத்தனை சதவீதம்" என்று யாராவது பேசினால் பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நடப்பதில்லை என்று சொன்னால் என் சகாக்களே சிரிப்பார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வேலை போனவரிடம் முன்பணம் கேட்க எனக்கு வாய் வராது. பவுண்டரி ஆட்கள் தவணையில் கொடுப்பார்கள், சிலர் தேங்காய் கொண்டுவருவார்கள். ஒரு வருடம் என் வீட்டுச் சட்னி முழுக்க ஒரே வழக்கின் தேங்காய். அந்த வழக்குத் தோற்றது.

ஆகஸ்ட் 9

கோர்ட்டுக்கு முன் லேபர் ஆபீஸில் நடக்கும் சமரசப் பேச்சுக்கு வக்கீல் கூட வரலாமா என்றால், வரக்கூடாது. தொழில் தகராறுகள் சட்டத்தின் 36(3) பிரிவு அதற்குக் கதவை அடைத்திருக்கிறது. லேபர் கோர்ட்டிலும்கூட எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வக்கீல் நிற்கலாம், அது 36(4). நடைமுறையில் நீதிமன்றத்தில் இரண்டு தரப்பும் வக்கீல் வைத்திருப்பதால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. லேபர் ஆபீஸில் மட்டும் தொழிலாளி தனியாகவோ சங்க நிர்வாகியோடோ போக வேண்டும். கம்பெனி தரப்பில் சட்டம் படித்த ஹெச்.ஆர். மேனேஜர் வருவார். அவர் வக்கீல் இல்லை, ஊழியர்! சட்டம் அவரை ஒன்றும் கேட்காது.

நான் எங்கே இருப்பேன்? எதிரே டீக்கடையில். பெஞ்சில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண். அலுவலர் ஒரு யோசனை சொன்னால் ஆள் வெளியே வந்து, ரோட்டைக் கடந்து, "அம்மா, இப்படிச் சொல்றாங்க, என்ன சொல்லட்டும்" என்பார். நான் சொல்வேன். திரும்பப் போவார். ஒரு பேச்சுவார்த்தைக்கு நாலு தடவை ரோட்டைக் கடந்தவர்கள் உண்டு. என் வேலையின் முக்கியமான பகுதி பஜ்ஜி வாசனையில்தான் நடந்திருக்கிறது.

ஏன் இப்படி ஒரு விதி என்று எரிச்சலாக எழுதியவருக்கு: கெட்ட எண்ணத்தில் வைத்ததல்ல. பணம் இருக்கிறவர் பெரிய வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்தினால் தொழிலாளி வாயைத் திறக்க முடியாது என்றுதான் வைத்தார்கள். ஹெச்.ஆர். என்று ஒரு ஜாதி முளைக்கும் என்று 1947-இல் யாருக்குத் தெரியும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மச்சான் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று சிலர் கண்டுபிடித்துவிட்டீர்கள். மழுப்பவில்லை. ஒரு கதையை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

ஒரு பவுண்டரி மோல்டர் (வார்ப்புக்கு மணல் அச்சு செய்பவர்). 1989-இல் சேர்ந்தவர். 2008-இல் நைட் ஷிப்டில் மணல் மூட்டை மேல் தூங்கினார் என்று உள்விசாரணை வைத்து நீக்கினார்கள். தூங்கியது உண்மை. தொடர்ந்து மூன்றாவது நைட் அது என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் 1988 முதலே, சமரசம் தோற்றால் தனி ஆள் அரசாங்க உத்தரவுக்குக் காத்திருக்காமல் நேரே லேபர் கோர்ட் போக வழி இருந்தது. 2009-இல் மனுப் போட்டேன்.

2010-இல் நிர்வாகம் ஒரு தொகை பேசியது. பணிக்கொடை உள்பட இரண்டரை லட்சம். அவர் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம், ஜெயிப்போம் என்றேன்.

2005-இல் பாரத் ஃபோர்ஜ் வழக்கில், வேலை நேரத்தில் தூங்கியவரை நீக்கியது சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. எதிர்த்தரப்பு அதை எடுத்து வீசியது. அந்த ஆள் ஏற்கெனவே மூன்று முறை தண்டனை வாங்கியவர், என் ஆளுக்குப் பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் மெமோ என்று காட்டினேன். 11ஏ பிரிவில் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். 2015 ஜூனில் தீர்ப்பு: குற்றம் உண்டு, தண்டனை அதிகம், மீண்டும் வேலை, பாதிப் பின்சம்பளம் (வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளம்), பணித் தொடர்ச்சி.

கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. அங்கே வழக்கு நடக்கும் காலத்துக்கு 17பி பிரிவில் கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கம்பெனி மாதாமாதம் கொடுக்க வேண்டும். 9,400 வந்தது. வேலைக்கு மட்டும் உள்ளே விடவில்லை. 2017-இல் அவருக்கு 58 முடிந்தது. 2019-இல் கம்பெனியின் மனு தள்ளுபடி. அவரையும் அவர் மகனையும் ஆபீஸுக்கு வரச்சொல்லிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பின்சம்பளம் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, 17பி-யில் வந்தது இரண்டேகால், பணிக்கொடை ஒன்றரை. மொத்தம் ஏழேமுக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது: "அப்போ நான் கேட்டுக்குள்ள போகவே போறதில்லீங்களாம்மா?"

இல்லைங்க, ஓய்வு வயது முடிந்துவிட்டது என்றேன். ஒரு ஷிப்டாவது போய்விட்டு வந்திருக்கலாம் என்றார். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, இரவு

மேலே உள்ளதை எழுதிவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தேன். இரண்டரை லட்சத்தை 2010-இல் வாங்கி எட்டு சதவீதக் கூட்டுவட்டிக்குப் போட்டிருந்தால் 2019-இல் ஐந்து லட்சம். ஆக, ஒன்பது வருட வாய்தாவுக்குக் கிடைத்த கூடுதல் இரண்டேமுக்கால் லட்சத்துக்கும் குறைவு. நடுவில் 2012-இல் மகள் கல்யாணம், கந்துவட்டிக் கடன். அந்த வட்டியை நான் இதுவரை இந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. சேர்த்தால் என்ன வரும் என்று தெரிந்துதான் சேர்க்கவில்லை.

மச்சானுக்கு என்னிடமிருந்து அரை மார்க்.

செப்டம்பர் 3

அந்தப் பவுண்டரியில் சங்கத்தில் இருந்த ஒருவர் மேலே உள்ளதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். நான் கணக்கில் விட்டது ஒன்று இருக்கிறதாம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் ஷாப்பில் மூன்று நைட் தொடர்ந்து யாருக்கும் போடுவதில்லை. தூக்கத்துக்காக யாரையும் வெளியே அனுப்பவும் இல்லை. "அதை எந்த வட்டிக்குப் போடுவீங்க?" என்றார்.

மச்சானின் அரை மார்க்கில் கால் மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 19

சரி, நிர்வாகத் தரப்புக் கதை.

ஆரம்பத்தில் ஆறு வருடம் உள்விசாரணை அதிகாரியாகப் போவேன். அமர்வுக்கு இவ்வளவு என்று கம்பெனி பணம் தரும், சாப்பாடு கேன்டீனில். இருபத்தொன்று விசாரணை நடத்தினேன். பத்தொன்பதில் "குற்றச்சாட்டு நிரூபணமாயிற்று" என்று எழுதினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. அடுத்த விசாரணைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று யாரும் சொல்லவும் வேண்டியதில்லை.

தொழிலாளிக்கு உதவிக்கு உடன் ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று படித்துக் காட்டுவேன், கையெழுத்தும் வாங்குவேன். யாரும் வரமாட்டார்கள். யார் வருவார்கள்? ஆகையால் ஆள் தனியாக உட்கார்ந்து, குறுக்கு விசாரணை செய்ய விருப்பமா என்றால் "ஒண்ணும் இல்லீங்க" என்பார். நான் "குறுக்கு விசாரணை இல்லை" என்று எழுதுவேன். காகிதத்தில் எல்லாம் சுத்தம்.

பிறகு ஒரு நாள் லேபர் கோர்ட்டில் வேறு வழக்குக்காக உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு ஜூனியர் பையன், விசாரணை அதிகாரி நடுநிலையாக இல்லை என்று பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் வாதாடுகிறான் என்று ரசித்துக் கேட்டேன். மூன்றாவது பக்கத்தில்தான் அது நான் நடத்திய விசாரணை என்று புரிந்தது. விசாரணை செல்லாது என்று உத்தரவானது. அந்தப் பையன் பிற்பாடு என் ஆபீஸிலேயே சேர்ந்தான். இன்றுவரை என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும்தான்.

அக்டோபர் 20

இரண்டு பேர் "வக்கீல்களே இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் நிர்வாகத்துக்கு நல்ல ஆலோசனை சொல்வதும் ஒரு வேலைதான். சஸ்பெண்ட் செய்துவிட்டு விசாரணையை இழுக்கும் முதலாளிக்கு நான் காட்டும் கணக்கு: தமிழ்நாட்டின் 1981 சட்டப்படி சஸ்பென்ஷன் காலத்தில் கொடுக்க வேண்டிய பிழைப்பூதியம் முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். நியாயத்தைப் பேசியதைவிட இந்தக் கணக்கைக் காட்டி முடித்த விசாரணைகள் அதிகம்.

"ஆள் வரவில்லை, தானாக வேலையை விட்டுவிட்டார்" என்று பெயரை அடித்துவிடும் பழக்கமும் இங்கே நிறைய. 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணை இல்லாமல் அப்படிச் செய்வது இயற்கை நீதிக்கு எதிரானது என்று சொல்லி முப்பது வருடம் ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒருவர் அந்தக் கடிதத்தோடு என் ஆபீஸ் படியேறுகிறார்.

2025 ஜனவரி 28

குஜராத்தில் நாலு மாதம் இருந்தார். பொங்கலுக்கு ஊர் வந்தவருக்கு வீட்டு முகவரிக்கே கடிதம்: ஒரு மாதச் சம்பளத்தோடு பணி முடிவு. காரணம் ஒரு வரி, "பதவி தேவைப்படவில்லை". காரணமாவது எழுதினார்களே. அவருக்குக் கீழே எத்தனை பேர் என்ற அந்தக் காகிதத்தை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஜூன் 23-ஆம் தேதியே எழுதிவிட்டாராம். கீழே இருந்தது ஒரு அப்ரெண்டிஸ், அதுவும் ஏழு மாதம்.

லேபர் ஆபீஸில், வேலை நீக்கத்தை எதிர்க்கும் 2ஏ மனு அடுத்த வாரம். 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேரே கோர்ட் போகலாம்.

மார்ச் 16

இழை எங்கேயோ போய்விட்டது, நானும் போகிறேன். "சங்கம் வைத்தால் கேஸ் போடுவார்களா" என்று ஒரு ஐ.டி. தம்பி பயந்து கேட்டிருக்கிறார். போட்டார்கள் தம்பி, நூறு வருடத்துக்கு முன்னால். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய பி.பி. வாடியா மீது பின்னி ஆலைக்காரர்கள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தொழிலாளரைத் தூண்டக்கூடாது என்று தடையும் வாங்கினார்கள். சங்கம் நடத்துவதே குற்றம் போலாகிவிட, அதைச் சரிசெய்யக் கிளம்பிய முயற்சிதான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. அந்தச் சுற்றில் வாடியா தோற்றுத்தான் போனார்.

ஐ.டி.க்காரர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கூட நாலு பேர் பயப்பட்டால் நல்லது.

ஜூலை 6

பம்ப் கம்பெனிக்காரருக்காக டீக்கடையில் ஐந்து தடவை உட்கார்ந்தாகிவிட்டது. 45 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகலாமா என்று அவரைக் கேட்டேன். மோல்டர் கதையை அவரும் படித்திருக்கிறார் அல்லவா, "நீங்க என்ன சொல்றீங்க மேடம்" என்றார். 2010-இல் என் வாயிலிருந்து உடனே வந்தது. இந்த முறை வரவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டது எத்தனை பேரிடம் என்று எண்ணிப் பார்த்தேன். வேண்டாம், எண்ணிக்கையை எழுத மாட்டேன்.

அவர் சொன்னார்: "நானா போனேன்னு எழுதக்கூடாது."

நவம்பர் 25

21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 சட்டம் நாலுக்குள் போய்விட்டது. மேலே நான் எழுதிய பிரிவு எண்களை அப்படியே நம்ப வேண்டாம், அவை பழைய சட்டத்தின் எண்கள். சட்டென்று மாறுகிறவை: வேலை நீக்கத்தை எதிர்க்க இருந்த மூன்று வருட அவகாசம் இரண்டாகிவிட்டது. மேற்பார்வையாளர் சம்பள வரம்பு 18,000. ஒப்பந்தக் காலத்துக்கு எடுத்தவர்களுக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை. கணக்கு முடிப்பது இரண்டு வேலை நாளுக்குள், ராஜினாமா செய்தாலும்.

என் மேசையில் இருந்த பழைய சட்டப் புத்தகம் அட்டை கிழிந்து, எனக்கு மட்டும் புரியும் குறிப்புகளோடு இருக்கிறது. புதியதை வாங்கி வைத்திருக்கிறேன். கை தானாகப் பழையதைத்தான் எடுக்கிறது.

டிசம்பர் 14

நிறையப் பேர் கேட்டதால். பம்ப் கம்பெனி விவகாரம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, பழைய சட்டத்தின் கீழேயே, லேபர் ஆபீஸில் ஒப்பந்தம். பன்னிரண்டு மாதச் சம்பளம், பணிக்கொடை தனியாக. கோர்ட்டுக்குப் போயிருந்தால் கூட வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம்.

தொகை இரண்டாவது பேச்சிலேயே கிட்டத்தட்டப் படிந்துவிட்டது. மீதிப் பேச்செல்லாம் ரிலீவிங் லெட்டரின் ஒரு வரிக்காக. கம்பெனி "சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்" என்றது. இவர் முடியாது என்றார். "பரஸ்பர சம்மதத்துடன்" என்றார்கள். அதற்கும் ரோட்டைக் கடந்து வந்து தலையை ஆட்டினார். கடைசியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பில் எழுதும் சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்தது: "பதவி குறைக்கப்பட்டதால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பணிக்காலத்தில் நன்னடத்தை." உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. வந்தபோது கையெழுத்தான காகிதம் கையில்.

மச்சானும் அன்று வந்திருந்தார். வாங்கிப் படித்தார். "இந்த ஒரு வரிக்கா மாப்ளே பதினாறு மாசம்?" என்றார்.

அவர் பதில் சொல்லவில்லை. என்னிடம் திரும்பி, பக்கத்தில் லேமினேஷன் கடை இருக்கிறதா என்று கேட்டார். ஒரிஜினலை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் எங்காவது சீல் சரிபார்க்கக் கேட்டால் வம்பு, ஜெராக்ஸை எடுத்து அதைச் செய்துகொள்ளுங்கள் என்றேன். சரி மேடம் என்றுவிட்டுப் போனார்கள். டீக்குக் காசு மச்சான் கொடுத்தார்.